கமராப் பையும் கமராக்காரரும்

பையைப் பற்றியும் இலக்கியப் பக்கத்திலே ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். பேனாவைப் பற்றி எழுதியோர் உளர். எழுது மேசையைப் பற்றி எழுதியோர் உளர். மூக்குக் கண்ணாடியைக்கூட நம்மவர் விட்டு வைத்ததில்லை. ஒளிப்படமும் ஒரு கலையென ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட இக்காலத்திலே, அக்கலைக்குரிய கருவியை வீட்டிலிருந்து வீதிக்குக் கொண்டுவருகின்ற பையைப் பற்றிச் சில வார்த்தை பேசுவது தகாத காரியமாகாதென்றே எண்ணுகிறேன்.

ஆசிரியத் தொழில் புரிகின்ற என்னிடத்திலே மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: எந்தக் கமராவை வாங்கலாம்? எந்தப் பையை வாங்கலாமென்று கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை. கமராவை வாங்குகிறார்கள், விற்பவர் சேர்த்துக் கொடுக்கும் பையையோ, கண்ணிற் பட்ட முதற் பையையோ எடுத்துக்கொள்கிறார்கள். முதல் மாதம் கமரா வெளியே உலாவுகிறது. இரண்டாம் மாதம் விழாக்களுக்கு மாத்திரம் புறப்படுகிறது. ஆறாம் மாதத்திலே அது அலுமாரிக்குள் உறங்குகிறது. ஆர்வம் குன்றிவிட்டதென்று பெற்றோர் சொல்வார்கள். என் கருத்து வேறு. தோளுக்குப் பாரமாய், பஸ்ஸிலே பக்கத்திலிருப்பவரின் விலாவை இடிப்பதாய், கொப்பிகளுக்கு இடந்தராததாய் இருக்கின்ற ஒரு பையை நாள்தோறும் சுமப்பதற்கு எவருடைய ஆர்வமும் போதாது. ஒருவர் எடுக்கப்போகும் படங்களின் எண்ணிக்கையைக் கமராவைவிடப் பையே கூடுதலாகத் தீர்மானிக்கின்றதென்பது என் துணிபு.

இக்கலையின் பழங்கதையைச் சற்றே நோக்கினால் இதன் நியாயம் புலப்படும். யூலியா மார்கரெட் கமரோன் என்னும் புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞர் 1875ஆம் ஆண்டிலே தம் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இலே இந்நாட்டிலேயே காலமானார். களுத்துறையில் வாழ்ந்த காலத்திலே இங்குள்ள மக்களைப் படம் பிடித்தார். அவர் கையாண்டது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தட்டிலே இரசாயனக் கலவையைப் பூசி, அது உலர்வதற்கு முன்னரே படம் எடுத்து, உடனேயே இருட்டறையிலே கழுவியும் முடித்துவிடல் வேண்டும். தட்டுகள், போத்தல்கள், மரப்பெட்டிக் கமரா, முக்காலி என இவற்றையெல்லாம் பையொன்றிலே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவதை அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். படம் எடுக்கப்படுவோர் கமரா இருக்குமிடத்தை நாடி வரவேண்டியிருந்தது. அக்காலத்துப் படங்களிலே காணப்படும் அசையாத் தன்மைக்கு அதுவும் ஒரு காரணம்.

1900ஆம் ஆண்டிலே கொடாக் நிறுவனத்தார் பிறவுணி என்னும் பெட்டிக் கமராவை ஒரு டொலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். 1925இலே, ஒஸ்கார் பார்ணக் என்னும் ஜெர்மானியர் அமைத்த லைக்கா, லைப்சிக் நகரத்துக் கண்காட்சியிலே அறிமுகமானது. உள்ளங்கையளவான அக்கருவியோடு கமரா நடக்கத் தொடங்கியது எனலாம். பிரெஞ்சுக் கலைஞரான ஹென்றி கார்த்தியே பிறெஸ்ஸோன், லைக்காவின் பளபளக்கும் உலோகப் பாகங்களைக் கறுப்பு நாடாவினால் மூடி, பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லையொன்றையே கொண்டு உலகம் முழுவதும் அலைந்தார். ஒரு கமரா, ஒரு வில்லை. இந்தச் சிக்கனத்தைப் பின்னர் வந்தோர் கைவிட்டனர்.

அக்காலத்துச் சிறு கமராக்களுக்கெல்லாம் தோலினாலான ஓர் உறை உண்டு. 'எந்நேரமும் ஆயத்தம்' என்னும் பொருள்படும் பெயரை வியாபாரிகள் அதற்குச் சூட்டினர். பொத்தானைக் கழற்றி, முன்மூடியைத் தாழ்த்தி, தொங்குகின்ற அம்மூடி வில்லையை மறைக்காதபடி ஒதுக்கிப் படமெடுப்பதற்குள் காட்சி கலைந்துவிடும். 'ஒருநாளும் ஆயத்தமில்லை' என்று அதன் பெயரை மாற்றிக் கேலி செய்தனர் மேலைநாட்டுப் படக்காரர். அக்கேலி இன்றைய பைகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

தோளிலே மாட்டும் கன்வஸ் பை 1970களிலே பெருவழக்குக்கு வந்தது. பிலடெல்பியா நகரத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளரான ஜிம் டொம்கே என்பவர், விறைப்பான பெட்டிகளோடு மல்லாடிச் சலித்துத் தமக்கென ஒரு மெல்லிய கன்வஸ் பையை வகுத்தார். சகபாடிகள் அதுபோற் கேட்கவே அது வியாபாரமாயிற்று. இங்கிலாந்திலே தூண்டில்காரருக்கென்று பில்லிங்ஹாம் நிறுவனத்தார் தைத்த பைகளைப் படக்காரர்கள் வாங்கிச் செல்வதைக் கண்டு அவர்களும் கமராப் பைக்குத் திரும்பினர். மீன் பிடிப்பவனுக்கும் படம் பிடிப்பவனுக்கும் வேண்டியது ஒன்றே: மழைக்குத் தாங்க வேண்டும், விரைவிலே திறக்க வேண்டும், உள்ளே கிடப்பது நசியாதிருக்க வேண்டும். நமது மொழியிலே இரண்டு தொழிலுக்கும் 'பிடித்தல்' என்ற ஒரே வினை வந்தமைந்ததை எண்ணுந்தோறும் எனக்கு ஓர் உவகை.

இது நிற்க. இன்றைய நிலைமையிலே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். கமரா சிறுத்துவிட்டது; பை சிறுக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் தொழில்முறைக் கமராவென்றால் உடல் மாத்திரமே ஒரு கிலோவை அணுகும். இன்றோ ரிக்கோ ஜீ.ஆர். 3 என்னும் கமரா, பற்றரியோடு சேர்த்து 257 கிராம்தான். பியூஜி எக்ஸ்-ரீ 30 என்னும் மிரர்லெஸ் கமரா 383 கிராம். அதற்குரிய 23 மில்லிமீற்றர் வில்லை 180 கிராம். 50 மில்லிமீற்றர் வில்லை 200 கிராம். மூன்றையுங் கூட்டினால் 763 கிராம். ஒரு கிலோ அரிசியிலும் குறைவு. இந்த 763 கிராமைச் சுமப்பதற்கு, வெறுமையாக நிறுத்தாலே ஒரு கிலோ காட்டும் தோற்பட்டியும் பித்தளைக் கொளுக்கியும் கொண்ட பையை வாங்குவோர் இருக்கின்றனர். பெட்டியைச் சுமப்பதற்காகப் பொருளைக் குறைத்தோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆதலால் பையைத் தெரிவு செய்பவர் முதலிலே தெரிவு செய்யவேண்டியது, எதை வீட்டிலே விட்டுச் செல்வதென்பதை. நாள்தோறும் செல்லும் கமராவோடு ஒரு வில்லை அதன்மேற் பூட்டியபடி, இன்னொரு சிறு வில்லை, மேலதிகமாக ஒரு பற்றரி, ஒரு நினைவட்டை, வில்லை துடைக்கும் துணி. இவ்வளவே. தொலைநோக்கு வில்லை கடற்பறவையைப் பார்க்கப் போகும் நாளுக்குரியது. முக்காலி இரவுக் காட்சிக்குரியது. அந்த நாட்கள் வரும்போது பெரிய பையை எடுத்துக்கொள்ளலாம். இப்பொருள்களை மேசைமேல் ஒரு கடதாசியில் வைத்து, சுற்றிக் கோடு கீறி, அளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்படி நான் மாணவருக்குச் சொல்வதுண்டு. பெரும்பாலான விளம்பரங்களிலே கொடுக்கப்படுவது பையின் வெளியளவு. ஸ்பொஞ்சின் தடிப்புப் போக எஞ்சும் உள்ளளவுதான் நமக்கு வேண்டியது. மேற்சொன்ன கமராவை வில்லையோடு வைப்பதற்கு உட்புற ஆழம் பத்துச் சென்றிமீற்றர் இருந்தாற் போதும். நீளம் இருபத்திரண்டும் உயரம் பதினாறும் தாராளம். இதிலும் பெரிய பையை வாங்கினால், இடம் வெறுமையாக இருக்கிறதேயென்று ஏதாவதொன்றை எடுத்துப் போடுவோம். வெறும் இடத்தைப் பொறுக்காதது மனித இயல்பு. நமது வீட்டு அலுமாரிகளே சாட்சி.

ஆயின் ஆசிரியரும் மாணவரும் கமராவை மட்டும் சுமந்து திரிபவரல்லர். அப்பியாசக் கொப்பிகள், ஒரு புத்தகம், குடை, தண்ணீர்ப் போத்தல், மதியத்துக்குச் சோற்றுப் பார்சல் ஆகியவையும் உடன் வரும். கமராவுக்கொரு பை, மற்றவற்றுக்கொரு பை என இரண்டைத் தோளிலே மாட்டினால், ஒரு வாரத்திலே கமராப் பை வீட்டிலே தங்கிவிடும். ஒன்றைத்தான் மனிதன் நாள்தோறும் மறவாது எடுப்பான். எனவே எனது தெரிவு, கமராப் பையென்று விற்கப்படும் பையே அன்று. வழக்கமாக நாம் கொண்டுசெல்லும் தோட்பையினுள்ளே பொருந்தக்கூடிய, மெத்தையிட்ட ஓர் உட்கூட்டை வாங்கி அல்லது தைப்பித்து, அதற்குள் கமராவை இருத்துவதே சாலச் சிறந்ததென்பேன். விடுமுறை நாளில் உட்கூட்டை மட்டும் வேறொரு பைக்கு மாற்றிக்கொள்ளலாம். பை கிழிந்தாலும் கூடு கிழியாது. ஒரேயொரு நிபந்தனை: சோற்றுப் பார்சல் அப்பையிலே ஏறக்கூடாது. புளிக்குழம்பும் வில்லையும் ஒரே கூரையின் கீழ் வாழமாட்டா. பார்சலைக் கையிலே கொண்டுபோவதால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது.

தனிக் கமராப் பைக்குச் சார்பாகப் பேசுவோரின் வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. கமராவுக்கெனவே அமைந்த பையிலே எல்லாம் அதனதன் இடத்திலே இருக்கும். கை பார்வையின் உதவியின்றியே வில்லையைத் தேடி எடுக்கும். கொப்பிக் கட்டுக்கடியிலே கமராவைத் தேடி அலையவேண்டியதில்லை. உண்மைதான். படப்பிடிப்பே தொழிலாகக் கொண்டோருக்கு அதுவே வேண்டும். நானோ படம் பிடிக்கப் போகும் நாளைப்பற்றிப் பேசவில்லை. வேறு அலுவலாகப் போகும் நாளிலே, வழியிலே படம் வந்து எதிர்ப்படுவதைப் பற்றிப் பேசுகிறேன். நமது வாழ்க்கையிலே இரண்டாவது வகை நாட்களே அதிகம்.

இனிப் பையின் தோற்றம். இதை வெறும் அழகுப் பிரச்சினையென்று எண்ணுவோருடன் நான் உடன்படேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் வடமராட்சியிலே ஒரு கிராமத்து ஒழுங்கையிலே, நிறுவனத்தின் பெயர் பெரிய மஞ்சள் எழுத்திலே பொறிக்கப்பட்ட கறுப்புப் பையொன்றைத் தோளிலே மாட்டிக்கொண்டு நண்பரொருவரின் வீட்டைத் தேடி நடந்தேன். பையும் அந்நண்பருடையதுதான், திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனது. படலையடியிலே நின்ற ஒரு மூதாட்டி என்னை நிறுத்தினார். "தம்பி, எங்கை கலியாணம்? படம் பிடிக்கவோ வந்தனீங்கள்?" என்றார். "இல்லை ஆச்சி, ஒரு சிநேகிதரைப் பார்க்க வந்தனான்" என்றேன். அவர் நம்பவில்லை. தலைமயிரைக் கோதிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தம்மைப் படம் எடுப்பதானால் அப்போதே எடுத்துவிடும்படி ஆயத்தமாய் நின்றார். சிறிது நேரத்துக்கு முன்னர் படலையிலே சாய்ந்து நின்ற அந்த அழகிய முதுமை எங்கேயோ மறைந்துவிட்டது. அந்தப் பை எனக்கு முன்னே நடந்து சென்று, படக்காரர் வருகிறார் என்று பறையறைந்துவிட்டது.

அதே ஒழுங்கையிலே பழந்துணிப் பையோடு பிறகு பலமுறை நடந்திருக்கிறேன். ஆச்சி என்னை இன்னாரென்று அறிவார். கமராவை எடுப்பதற்கு முன் கேட்பேன், வேண்டாமென்றால் எடுப்பதில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதாரணப் பையொன்றைக் கொண்டுசெல்லச் சொல்வது ஒளித்துப் படமெடுப்பதற்காகவன்று. பையிலே துளையிட்டு, ஆளறியாமற் படம் பறிப்பவன் திருடன்; அவனுக்கும் நமக்கும் உறவில்லை. அயலவராய் அவ்விடத்திலே இருந்து, அதன்பின் படமெடுப்பவராதல் வேண்டும் என்பதே என் விருப்பம். நமது கிராமங்களைப் படமெடுக்க எத்தனையோ பேர் பெரிய பைகளோடு வந்து போய்விட்டனர். கடலோரத்து மீனவர், பனையேறும் தொழிலாளி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஆகியோர் நாட்காட்டிப் படங்களாகி உலகமெங்கும் சுவர்களிலே தொங்குகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் எடுக்கக்கூடிய படம் வேறு. அந்த ஆசிரியரின் பையிலே அன்றைக்குக் கமரா இருந்ததா என்பதுதான் கேள்வி.

பையைப் பற்றி நமது நாட்டிலே பேசும்போது, அதைத் திறந்து பார்க்கும் மற்றவர் கையையும் மறக்கமுடியாது. போர் நடந்த காலம் முழுவதும், 2009 வரையிலும், சோதனைச் சாவடிகளிலே பைகளைத் திறந்து காட்டியே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1990களிலே பற்றரியென்பதே வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்தது என்பதை இன்றைய மாணவர் நம்பமாட்டார்கள். 2019 ஏப்ரல் மாதத்துக் குண்டுவெடிப்புகளின் பின்னர் பாடசாலை வாயில்களிலேயே பிள்ளைகளின் பைகள் சோதிக்கப்பட்டன. இந்த அனுபவம் எனக்குக் கற்பித்த ஒரு விதியுண்டு. மூடியை மேலே தூக்கியவுடன் உள்ளிருப்பவை யாவும் ஒரே பார்வையிலே தெரியும் பையே நமது நாட்டுக்கு ஏற்றது. பதினாறு இரகசிய அறைகள் கொண்டதென்று விளம்பரப்படுத்தப்படும் பையிலே, ஒவ்வோர் அறையையும் திறந்து காட்ட நேரும்போது, பின்னாலுள்ள வரிசை முழுவதும் நம்மை முறைத்துப் பார்க்கும். அறைகள் கூடக்கூடப் பொருளுக்கு அடைக்கலம் கூடுவதுமில்லை, தேடல்தான் கூடுகிறது. உள்ளே இரண்டு தடுப்பு, வெளியே தட்டையான ஒரு பை போதும்.

மூடும் முறையிலே எனக்குத் தீராத பகை வெல்குரோவோடு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் த மெஸ்திரால் என்பவர் காட்டிலே தம் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய முட்காய்களைக் கண்டு இதனை ஆக்கினாராம். அறிவுடைய கண்டுபிடிப்புத்தான். ஆனால் கச்சேரியொன்றிலே ஆலாபனை நடுவே, அல்லது கோயிலிலே தீபாராதனைக்கு முந்திய மௌனத்திலே, 'பர்ர்' என்று துணி கிழிவதுபோன்ற ஓசையை எழுப்பியவர் அடைகின்ற நாணத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வகுப்பறையிலோ வேறொரு கேடு: ஓசை கேட்ட கணத்திலே நாற்பது தலைகளும் திரும்பிவிடும், எடுக்க எண்ணிய படம் அதோடு போயிற்று. நூலகத்திலும் அப்படியே. மடிப்பு மூடியும் ஒரு கொளுக்கியும், அல்லது நைலோன் சிப்பும் போதும். சிப்பானால் உலோகப் பல் வேண்டாம். கடற்காற்று அதனைத் தின்றுவிடும். திறப்பு, உடலை நோக்கி அமைதல் நன்று. நெரிசலான பஸ்ஸிலே பிறர் கை நுழைவதற்கும் அது தடை. நமது ஒரு கை போதும், மறு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி நமது காற்றிலேயே இருக்கிறது. மேலைநாட்டு நூல்களிலே பையைப் பற்றிய அறிவுரைகள் ஏராளம்; ஆனால் அவற்றை எழுதியோர் பெரும்பாலும் குளிரிலும் வறட்சியிலும் வாழ்பவர்கள். கொழும்பிலே ஆண்டின் பெரும்பகுதியிலும் காற்றின் சாரீரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி நிற்கிறது. இத்தகைய ஈரத்திலே, காற்றோட்டமில்லாத இருளிலே கிடக்கும் வில்லைக் கண்ணாடியிலே சிலந்தி வலைபோலப் பூஞ்சணம் படரும். தொடக்கத்திலே கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது கண்ணாடியின் பூச்சையே அரித்திருக்கும். பூஞ்சணத்துக்கு மிக உகந்த வீடு எதுவென்றால், தடித்த மெத்தையிட்டு, சிப்பை இறுக மூடி, அலுமாரியின் அடித்தட்டிலே வைக்கப்பட்ட நமது கமராப் பைதான். பாதுகாப்பென்று நினைத்துச் செய்வதே கெடுதலாக முடிகிறது. ஆகவே பை, பயணத்துக்குரிய வாகனம். கமரா வசிக்கும் இல்லமன்று. வீடு திரும்பியதும் கமராவை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்திலோ, காற்றுப்புகாத பெட்டியிலே சிலிக்கா ஜெல்லுடனோ வைக்கவேண்டும். பையைத் திறந்தபடி தொங்கவிட வேண்டும். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிரம்பியதும் நிறம் மாறுகிற வகையை வாங்கினால், சூடேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பையினுள்ளே ஒரு சிறு பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கிலே மறந்துவிடுவதால் ஒரு பயனுமில்லை. நிரம்பிய ஜெல், மணற்பொட்டலத்துக்குச் சமம்.

இதே காரணத்தினால் தோற்பையை நான் விரும்புவதில்லை. தோலின் மணமும் வழவழப்பும் எனக்கும் பிடித்தமானவையே. மாரி காலத்திலே இரண்டு வாரம் தொடாது வைத்த தோற்பையிலே பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருப்பதைப் பார்த்தவர் அதனருகிலே வில்லையை வைக்கத் துணியமாட்டார். நைலோன் பைகளிலும் ஒரு வஞ்சகம் உண்டு. மழை புகாதிருப்பதற்காக உட்புறத்திலே பொலியூரிதேன் பூச்சைப் பூசுவர். ஈரமான வெப்பத்திலே அப்பூச்சு சில ஆண்டுகளிலே சிதைந்து, பிசுபிசுப்பாகி, உரிந்து செதில் செதிலாக உதிரும். மலிவான ஸ்பொஞ்சும் அதே பொருள்தான்; அது தூளாகி வில்லையின் இடுக்குகளிலே புகுந்துகொள்ளும். என் பழைய பையொன்று வாங்கிய ஐந்தாம் ஆண்டிலே இவ்வாறு கரைந்தது. அதிலிருந்த தூளைத் தூரிகையினால் அகற்ற ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சென்றது. வாங்கும்போது உட்புறத்தைக் கையினால் தடவிப் பார்க்கவும், மணந்து பார்க்கவும் தயங்கவேண்டாம். ஸ்பொஞ்சை அழுத்தினால் றப்பர்ச் செருப்பின் அடிபோல உறுதியாய் எதிர்த்து நிற்கவேண்டும். பாத்திரம் துலக்கும் ஸ்பொஞ்சுபோல அமிழ்ந்துவிடக்கூடாது. எனது வாக்கு நெருக்கமாய் நெய்த பருத்திக் கன்வஸுக்கு. அது சிறு தூறலைத் தாங்கும். அடைமழைக்கு, கமராவைச் சுற்றிவிட ஒரு பொலித்தீன் பை மடித்து உள்ளே கிடக்கட்டும். கன்வஸைத் துவைக்கலாம், வெயிலிலே உலர்த்தலாம், கிழிந்தால் எந்தத் தையற்காரரும் தைப்பார்.

தோற்பட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு சென்றிமீற்றர் அகலத்துக்குக் குறையாத, நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஒரே பட்டி; குறுக்காக மாட்டக்கூடியது. சைக்கிளிலே செல்வோர் பட்டியைக் குறுக்கிப் பையை முதுகோடு ஒட்டவைத்தல் நன்று. இல்லையேல் மிதிக்குந்தோறும் அது முன்னே வந்து முழங்காலோடு சண்டையிடும். கரியரிலே கட்டிச் செல்லும் பழக்கம் வேண்டாம். நமது வீதிகளின் குலுக்கல் வில்லையின் திருகாணிகளைத் தளர்த்திவிடும். 2014ஆம் ஆண்டிலே மீண்டும் யாழ்ப்பாணம் வந்த யாழ்தேவியிலே பயணம் செய்வோர், மேலேயுள்ள தட்டிலே பையை வைக்காது மடியிலேயே வைத்திருக்கட்டும். களவுக்குப் பயந்து மாத்திரம் இதைச் சொல்லவில்லை. ஆனையிறவைக் கடக்கும்போது இரு பக்கமும் விரியும் அந்த வெளியின் ஒளி, மேல்தட்டிலிருந்து பையை இறக்கும்வரை காத்திருப்பதில்லை.

கைத்தொலைபேசியிருக்கக் கமரா எதற்கு, பைதான் எதற்கு என்று கேட்போர் பலர். தொலைபேசியாற் சிறந்த படங்கள் எடுக்கப்படுவதை நான் மறுக்கவில்லை. கையிலே கமரா இல்லாதவர் அதனால் எடுக்கட்டும். ஆயினும் ஒரு வித்தியாசத்தை மாணவரிடையே கண்டிருக்கிறேன். தொலைபேசியால் எடுத்தவர் ஆயிரக்கணக்கான படங்களை வைத்திருக்கிறார். அவற்றைத் திரும்பப் பார்ப்பதில்லை. தொலைபேசி பழுதானால் படங்களும் போகின்றன. கமராவைச் சுமந்து சென்று எடுத்தவர், சுமந்த பாரத்துக்காகவேனும் அன்றிரவு படங்களைப் பார்க்கிறார், தெரிகிறார், பெயரிட்டுச் சேமிக்கிறார். படங்களைச் சேமித்தல் என்பது நமக்குப் பொழுதுபோக்கன்று. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றைப் பற்றி இன்றும் பேசுகிறோம். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளைவிட்டு வெளியேறியபோது, கையிலே அகப்பட்ட பையிலே எதைப் போடுவதென்று திகைத்த குடும்பங்களிலே எத்தனை தம் ஆல்பங்களை விட்டு வந்தன! தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் எனது மாணவரிடையே உண்டு. நாற்சார் வீடுகள் இடிபடுகின்றன. கிடுகுவேலிகள் தகரமாகவும் மதிலாகவும் மாறுகின்றன. பனையோலை உமல் பின்னும் கைகள் அருகிவருகின்றன. இவற்றையெல்லாம் படமாக்க ஒரு நிறுவனம் வருமென்று காத்திருப்பதிலே அர்த்தமில்லை. அந்தந்த ஊரிலே, அந்தந்த நாளிலே, வேலைக்குப் போய்வரும் வழியிலே யாராவது எடுத்தாற்றான் உண்டு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர்பெற்ற வெளிநாட்டுப் பைகளின் விலை இன்றைய நாணய நிலையிலே ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் சொல்லவே வேண்டாம். அதற்காக வருந்தவேண்டிய தேவையுமில்லை. கன்வஸ் துணி ஒரு யார், உறுதியான ஸ்பொஞ்சுத் தகடு ஒன்று, உள்ளுறைக்கு நூல் உதிராத மெல்லிய பருத்தித் துணி, பட்டிக்கு நைலோன் நாடா. இவற்றை வாங்கிக் கொடுத்து, அளவு கீறிய கடதாசியையும் கொடுத்தால், பாடசாலைப் பைகளைத் தைத்துப் பழகிய எந்தத் தையற்காரரும் உட்கூட்டை ஒரு பின்னேரத்திலே தைத்துத் தருவார். தடுப்புகளை நிலையாகத் தைக்காது இரு ஓரமும் செருகி எடுக்கத்தக்கதாக வைக்கச் சொல்லுங்கள். கமரா மாறும் காலத்திலே கூடு மாறவேண்டியதில்லை. மடிப்பு ஓரங்களுக்கு இரட்டைத் தையல். நிறம் கறுப்பு வேண்டாம். வெயிலிலே சூடேறும், உள்ளே விழுந்த சிறு மூடியும் கண்ணிற் படாது. உள்ளுறை மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கட்டும்.